விதையை மூழ்கடித்துவிட்டு விதையைக் குறை சொல்லாதீர்கள்

முளைக்கவில்லை என்று என்னிடம் கொண்டுவரும் டப்பாக்களில் இந்த மாதம் மட்டும் இது நான்காவது. மூடியைத் திறந்ததுமே புளித்த வாடை. உள்ளே பீன்ஸ் விதைகள். தொட்டால் தோல் வழுக்கிக்கொண்டு கையோடு வருகிறது. "மட்டமான விதை சார். நல்லா ஊறி வீங்கிச்சு, அப்புறம் முளைக்கவே இல்லை." எத்தனை நேரம் ஊறியது? "இரண்டு நாள்." தண்ணீரை மாற்றினீர்களா? பதில் இல்லை. அதே பையில் மிச்சமிருந்த காய்ந்த விதையில் 100 எண்ணி ஈரத்தாளில் சுருட்டி வைத்தேன். ஒன்பதாம் நாள் 91 முளைத்திருந்தன.

விதைப் பரிசோதனைதான் என் தொழில். அலுத்துப்போய்ச் சொல்கிறேன்: வீங்குவது உயிரின் அடையாளம் இல்லை. செத்த விதையும் வீங்கும். அடுப்பில் வாட்டிக் கொன்ற விதையை ஊறப்போட்டாலும் வீங்கும். உள்ளே இருக்கும் மாவும் புரதமும் பஞ்சு மாதிரி தண்ணீரை இழுக்கின்றன, அவ்வளவுதான். அந்த இழுப்பு முடிந்ததும் விதை கொஞ்ச நேரம் சும்மா இருப்பதுபோல் தெரியும். நம் ஆட்கள் பதறிப்போய் இன்னும் தண்ணீர் ஊற்றுவது அப்போதுதான். உண்மையில் விதை மூச்சுவிடத் தொடங்கியிருக்கும் நேரம் அது. காற்றைவிடத் தண்ணீருக்குள் ஆக்சிஜன் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகத்தான் பரவும். மூச்சு கிடைக்காத விதை உள்ளுக்குள்ளேயே புளித்து, சாராயத்தை உண்டாக்கிக்கொண்டு சாகிறது.

எவ்வளவு தண்ணீர்தான் வேண்டும்? மக்காச்சோளத்துக்குத் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு, சோயாவுக்குப் பாதி. 100 கிராம் சோயாவுக்கு ஒரு செம்புத் தண்ணீர் எதற்கு?

பீன்ஸ், பட்டாணி, சோயா போன்றவை நன்றாகக் காய்ந்திருக்கும்போது குளிர்ந்த தண்ணீரில் நேரே போட்டால் இன்னும் மோசம். திடீரென்று இழுத்த வேகத்தில் பருப்பு வெடிக்கும், உள்ளிருக்கும் சர்க்கரை கசியும், பூஞ்சைக்கு விருந்து. (பட்டாணியின் வீரியத்தை நாங்கள் அளப்பதே இந்தக் கசிவை வைத்துத்தான்.)

"நெல் தண்ணீரில் முளைக்கிறதே?" நெல் விதிவிலக்கு ஐயா. அதுகூடக் காற்றில்லாவிட்டால் குருத்தை மட்டும் நீட்டும், வேர் விடாது.

பெரிய பருப்பு விதைகளுக்கு ராத்திரி முழுக்க ஈரத்துணியே போதும். ஊறப்போட்டே தீருவேன் என்றால் ஆறேழு மணி நேரத்தில் வடித்துவிடுங்கள். விதைத்த மண்ணையோ மணலையோ விரலால் அழுத்துங்கள். விரலைச் சுற்றித் தண்ணீர் படலமாக நின்றால் ஈரம் அதிகம். வேர் எட்டிப்பார்த்த பிறகு மட்டும் ஒரு வேளைகூடக் காயவிடாதீர்கள். அதற்கு முன்பு காய்ந்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும், பின்பு பிழைக்காது. சாயம் பூசிய விதையை ஊறவைக்கவே வேண்டாம். பூசியிருப்பது மருந்து, அது தண்ணீரோடு போய்விடும். அந்தத் தண்ணீரை ஆடு மாடு குடித்தால் அது வேறு வம்பு.

எத்தனை நேரம் ஊறியும் வீங்காமல் கல்லாகவே இருக்கும் சில விதைகளைச் செத்தது என்று கொட்டிவிடுகிறீர்கள். அதன் தோல் தண்ணீரை உள்ளே விடவில்லை. உப்புத்தாளில் லேசாகத் தேய்த்துவிட்டு மறுபடி வையுங்கள்.

அப்புறம், ஒரு சின்ன வேண்டுகோள். விதைமேல் சந்தேகம் வந்தால் பையில் மிச்சமிருக்கும் காய்ந்த விதையைக் கொண்டுவாருங்கள். டப்பா வேண்டாம்.