துணைத் தைராய்டா, அண்டைச் சுரப்பியா?

டயாலிசிஸ் நோயாளிகளுக்கென்று தமிழில் அச்சடிக்கும் தாள்களில், கழுத்தில் தைராய்டை ஒட்டியிருக்கும் பாராதைராய்டு என்ற சுரப்பியைத் 'துணைத் தைராய்டு' என்று எழுதுவது வழக்கமாகிக்கொண்டு வருகிறது. மதினியை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போகும் இடத்தில், மதுரையில்தான், சுவரில் ஒட்டிய தாளிலும் அதேதான். சொல் தப்பு. வெறும் சொல் தப்பாக இருந்தால் விட்டுவிடலாம். அதை நம்பி உடம்பைக் கெடுத்துக்கொள்கிறார்கள் என்பதால் விட மனசு வரவில்லை.

பெயர் பிறந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கதவளவு பெரிய கேடயத்துக்குக் கிரேக்கத்தில் துரெயோஸ் என்று பெயர். குரல்வளையின் முன்னால் கையில் தட்டுப்படும் குருத்தெலும்பு அந்த வடிவில் இருப்பதால் அதற்குத் தைராய்டு என்ற பெயர் வந்தது. பக்கத்தில் இருக்கும் சுரப்பிக்கும் 1656-இல் தாமஸ் வார்ட்டன் அதே பெயரை வைத்தார். 1880-இல் ஸ்வீடனின் உப்சாலாவில் ஐவர் சாண்ட்ஸ்ட்ரோம் என்ற இளைஞர், தைராய்டின் முதுகில் ஒட்டியிருக்கும் சிறு சுரப்பிகளை மனித உடலில் விவரித்து 'பாரா' சேர்த்துப் பெயரிட்டார். பாரா என்றால் பக்கத்தில். அவ்வளவுதான். ஆக, இது வேலையைச் சொல்லும் பெயரே இல்லை, விலாசத்தைச் சொல்லும் பெயர்.

அந்தச் சுரப்பிகள் பெரும்பாலும் நான்கு. ஒவ்வொன்றும் அரிசி மணி அளவு. தைராய்டு, உடம்பு எவ்வளவு வேகத்தில் ஓட வேண்டும் என்பதைப் பார்த்துக்கொள்கிறது. பாராதைராய்டு ரத்தத்தில் கால்சியம் குறையாமல் பார்த்துக்கொள்கிறது. குறைந்தால் பி.டி.எச். என்ற ஹார்மோனைச் சுரந்து எலும்பிலிருந்து எடுத்து ரத்தத்தில் விடும். இரண்டும் ஒட்டிக்கொண்டு கிடந்தாலும் தொழிலில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை.

இப்போது 'துணை'க்கு வருவோம். வழித்துணை, வாழ்க்கைத்துணை என்னும்போது கூட நிற்பவர். துணைவேந்தர், துணை ஆட்சியர் என்னும்போது அடுத்த படியில் இருந்து உதவுபவர். எந்த அர்த்தத்தில் எடுத்தாலும், 'துணைத் தைராய்டு' என்று படிப்பவர் தைராய்டுதான் பெரியது, இது அதற்கு உதவியாள் என்றுதான் நினைப்பார். வேறு எப்படி நினைக்க முடியும்? ஆனால் தைராய்டை முழுசாக எடுத்துவிட்டாலும் பாராதைராய்டு தன் பாட்டுக்கு வேலை செய்யும். அந்தக் காலத்தில் தைராய்டை அறுத்தெடுத்தபோது இவற்றையும் தெரியாமல் சேர்த்து எடுத்துவிட, கால்சியம் இறங்கி நோயாளிக்குக் கைகால் இழுத்துக்கொண்டது. துணை என்று பெயர் வைக்கக்கூடிய உறுப்பா இது?

இந்தத் துணை எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் பிடிபடும். துணை ராணுவம், துணை மருத்துவப் படிப்பு. அங்கேயும் மூலத்தில் 'பாரா'தான். ராணுவத்துக்கு உதவும் படை, மருத்துவருக்கு உதவும் படிப்பு என்பதால் அங்கே துணை கச்சிதமாகப் பொருந்துகிறது. மொழிபெயர்த்தவர் அதை அப்படியே தூக்கி வந்து கழுத்தில் ஒட்டிவிட்டார். அந்த உறுப்பு என்ன செய்கிறது என்று ஒரு நர்ஸிடம் கேட்டிருந்தால் போதும், இந்தச் சொல் பிறந்திருக்காது. 'இணைத் தைராய்டு' என்றும் சிலர் எழுதுகிறார்கள். ஒட்டியிருப்பதைச் சொல்வதால் கெடுதல் கொஞ்சம் குறைவு. ஆனாலும் இணை என்றால் ஜோடி, சமம். இணை இயக்குநர் போல, இரண்டும் ஒரே வேலை பார்க்கிற மாதிரி ஆகிவிடுகிறது.

கெடுதல் என்னவென்று கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். மதினிக்குப் பக்கத்துப் படுக்கையில் உசிலம்பட்டிப் பக்கத்து அம்மா ஒருவர். இடுப்பிலும் முழங்காலிலும் எலும்பு வலி, உடம்பெல்லாம் அரிப்பு. "பாராதைராய்டு டெஸ்ட் எடுத்தீங்களாம்மா?" என்று டெக்னீஷியன் தம்பி கேட்க, "தைராய்டுதானப்பா, போன மாசமே எடுத்தாச்சு, நார்மல்னுட்டாங்க" என்றார். அவர் எடுத்தது தைராய்டுக்கான டி.எஸ்.எச். பரிசோதனை. பிறகு பி.டி.எச். பார்த்தால் தொள்ளாயிரத்துக்கு மேல். சாதாரண ஆளுக்கு மேல் எல்லை 65 வாக்கில் இருக்கும். டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு அதைப்போல் 2 முதல் 9 மடங்கு வரை விடலாம் என்கிறது சர்வதேச வழிகாட்டுதல். அதையும் தாண்டிய அளவு. அதுவரை அந்த அம்மா, தைராய்டுக்கு ஆகாது என்று முட்டைக்கோஸை நிறுத்தியிருந்தார். எலும்பு வலிக்கு நல்லதென்று காலையும் மாலையும் பால், வாரத்துக்கு ஒரு தடவை ஆட்டுக்கால் சூப். நிறுத்த வேண்டியதைச் சாப்பிட்டு, சாப்பிடக்கூடியதை நிறுத்தியிருக்கிறார்.

பாலில் பாஸ்பரஸ் நிறைய. சிறுநீரகம் கெட்டால் அது வெளியேறாமல் ரத்தத்தில் தங்கும். வைட்டமின் டி-யை உடம்புக்கு உதவும் வடிவத்துக்கு மாற்றுவதும் சிறுநீரகம்தான். அதுவும் நின்றுபோக, கால்சியம் இறங்கும். இரண்டும் சேர்ந்து பாராதைராய்டை விரட்டிக்கொண்டே இருக்க, அது வீங்கி, எலும்பை அரித்து, கால்சியத்தை ரத்தக்குழாய்ச் சுவரில் கொண்டுபோய்ப் படியவைக்கும்.

இந்த நிலைக்கு அதே தாளில் வைத்திருக்கும் பெயர் இன்னும் மோசம்: 'இரண்டாம் நிலை துணைத் தைராய்டு மிகைச்சுரப்பு'. புற்றுநோயால் 'இரண்டாம் நிலை' என்ற சொல் ஊரறிந்த சொல் ஆகிவிட்டது. படிப்பவர், முதல் நிலை முடிந்து இரண்டுக்குப் போய்விட்டது, இன்னும் இரண்டு பாக்கி என்று பயப்படுகிறார். சொல்ல வந்தது அதுவல்ல. சுரப்பியில் தானாக வந்த கோளாறு இல்லை, வேறொன்றின் விளைவாக வந்தது என்பதுதான். 'சிறுநீரகக் கோளாறின் வழியே வந்த மிகைச்சுரப்பு' என்றால் என்ன குறைந்துவிடும்? நீளம் என்பார்கள். நீளமாக இருந்துவிட்டுப் போகட்டும், புரிகிறதே.

தனித்தமிழ் ஆர்வலர்கள் 'கேடயச் சுரப்பி' என்பார்கள். அர்த்தம் சரிதான். ஆனால் கேடயமே கேடகம் என்ற வடசொல்லின் வழி வந்தது. தூய்மைதான் அளவுகோல் என்றால் கிடுகு, பரிசை என்று போக வேண்டும். இங்கே கிடுகு என்றால் தென்னங்கீற்று முடைந்தது, கேடயம் என்றால் விளையாட்டு விழாவில் கொடுப்பது. தைராய்டு தமிழில் ஊறிவிட்ட சொல், அது இருக்கட்டும். 'எனக்குத் தைராய்டு இருக்கு' என்று உறுப்பின் பெயரையே நோய்க்கு வைத்திருக்கிறோமே, அதைத்தான் முதலில் திருத்த வேண்டும். தைராய்டு எல்லோருக்கும் இருக்கிறது.

பாராவுக்குச் சரியான தமிழ் நம் கையிலேயே இருக்கிறது. அட்ரினலை அண்ணீரகம் என்று எழுதியவர்கள் இருக்கிறார்கள். நீரகத்துக்கு அண்மையில் இருப்பது அண்ணீரகம். துணைச் சிறுநீரகம் என்று போகாமல், இடத்தைச் சொல்லும் பெயரை இடத்தாலேயே சொன்னார்கள். அதே வழியில் போனால் இது தைராய்டு அண்டைச் சுரப்பி. பேச்சுக்கு அண்டைச் சுரப்பி போதும். அண்டை வீட்டுக்காரர் நம் வீட்டு வேலைக்காரர் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். 'கால்சியச் சுரப்பி' என்றும் ஒரு யோசனை உண்டு. உமிழ்நீர்ச் சுரப்பி உமிழ்நீரைச் சுரப்பதால், இது கால்சியத்தைச் சுரப்பதாகத் தோன்றிவிடும். வேண்டாம்.

பெயரைப் பிரித்து வைப்பதில் இன்னொரு அவசியமும் இருக்கிறது. டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு உண்மையான தைராய்டு குறைவும் மற்றவர்களைவிட அதிகம் வருகிறது. சோர்வு, குளிர் தாங்காமை, தோல் வறட்சி எல்லாம் சிறுநீரகத்தாலும் வரும் என்பதால் அது எளிதில் தெரியாது. அதற்குக் கொடுக்கும் தைராக்ஸினைக் காலையில் வெறும் வயிற்றில் போட வேண்டும். பாஸ்பரஸ் ரத்தத்தில் ஏறாமலிருக்கச் சாப்பாட்டோடு போடும் மாத்திரையை, செவலமரோ கால்சியமோ, அதோடு சேர்த்துப் போட்டால் தைராக்ஸின் உடம்பில் ஏறாது. நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். ஒரே நோயாளியிடம் இரண்டு சுரப்பிக்கும் இரண்டு மாத்திரை இருக்கும்போது, இரண்டுக்கும் தைராய்டு என்றே பெயர் வைத்துக் கொடுப்பது நியாயமில்லை. தாளை மறுபடி அச்சடிப்பவர்கள் இவ்வளவு போட்டால் போதும்: 'அண்டைச் சுரப்பி (பாராதைராய்டு): கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் இருப்பது, கால்சியத்தைக் கவனிப்பது, இதற்கான ரத்தப் பரிசோதனை பி.டி.எச்., தைராய்டு பரிசோதனை வேறு.'