வால்வு மைக் ப்ரீஆம்ப் (மைக்கின் முதல் கட்ட ஆம்ப்ளிஃபையர்): பிளக்கைப் பிடுங்கிய பிறகும் நிற்கும் 280 வோல்ட்

மைக்கிலிருந்து வரும் குரல் சில மில்லிவோல்ட்தான். அதைப் பெரிதாக்கும் 12ஏஎக்ஸ்7 என்ற கண்ணாடிக் குழாய் வால்வுக்கோ 250 வோல்ட் டிசி வேண்டும். ஐசி சர்க்யூட்டில் 12, 24 வோல்ட் என்று பழகிய கை அதே துணிச்சலோடு இதற்குள்ளும் நுழைந்துவிடுகிறது. ஒலியின் இனிமையைப் பிறகு பேசலாம்; முதலில் அந்த 250 வோல்ட்.

ட்ரான்ஸ்ஃபார்மரின் 200 வோல்ட் செகண்டரியை (வெளிவரும் பக்கச் சுருளை) பிரிட்ஜ் டயோடு வழியாக ஃபில்டர் கெப்பாசிட்டருக்குக் கொடுத்தால் சுமார் 280 வோல்ட் டிசி நிற்கும். சிறிய ட்ரான்ஸ்ஃபார்மரில் லோடு குறைந்தால் வோல்ட் இன்னும் ஏறும். இரவில் லைன் வோல்ட் கூடினால் அதற்கும் மேல். 350 வோல்ட் கெப்பாசிட்டர் போதாது, 450 போடுங்கள். 47 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், 4.7கே (கிலோ ஓம்) ரெசிஸ்டர், மறுபடி 47 மைக்ரோஃபாரட், பிறகு 10கே, கடைசியில் 22 மைக்ரோஃபாரட் என்ற வரிசை இந்த வேலைக்குப் போதும்.

ஆக மொத்தம் 116 மைக்ரோஃபாரட். சுவிட்சை அணைத்ததும் சூடான வால்வு இந்தச் சார்ஜைத் தானே குடித்துவிடும். ஆனால் வால்வைக் கழற்றிவிட்டுச் சோதிக்கும்போதோ, வால்வைச் சூடாக்கும் ஹீட்டர் இழை அறுந்திருக்கும்போதோ குடிக்க ஆளில்லை. பிளக்கைப் பிடுங்கி நெடுநேரம் ஆன பிறகும் அந்த வோல்ட் உள்ளே காத்திருக்கும். முதல் கெப்பாசிட்டருக்கு இணையாக 220கே, 2 வாட் ரெசிஸ்டர் ஒன்று கட்டாயம். 50 வோல்ட்டுக்குக் கீழே இறங்க அதற்கும் முக்கால் நிமிடம் பிடிக்கும். கால் வாட் ரெசிஸ்டர் கூடாது: அது தாங்கும் வோல்ட்டே பொதுவாக 250தான். அந்த ரெசிஸ்டர் இருக்கிறதே என்று நம்பியும் கை வைக்காதீர்கள், அதுவும் அறுந்துபோகலாம். ஒவ்வொரு முறையும் மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே கை.

மெயின் போர்டில் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறது, அது காப்பாற்றும் என்று பலர் நினைக்கிறார்கள். காப்பாற்றாது. ட்ரான்ஸ்ஃபார்மரின் செகண்டரி தனிச் சுற்று. அங்கே ஷாக் அடிக்கும் கரண்ட் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே வித்தியாசம் எதையும் உண்டாக்காது. ஆர்சிசிபிக்குத் தெரியவே தெரியாது. நம் வீடுகளுக்குள் செருப்பு போடும் வழக்கமும் இல்லை. வெறுங்காலோடு சிமெண்ட் தரையில் நின்று, ஒரு கையால் சேஸிஸை (உலோகப் பெட்டியை) பிடித்து, மறு கையால் அளக்கிறோம். இந்த வேலைக்கென்று ஒரு ஜோடி ரப்பர் செருப்பை மேசையடியில் வையுங்கள். கரண்ட் ஓடும்போது ஒரு கை முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும்.

புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையில் பழைய ரேடியோ கிடைத்து, அதன் பாகங்களை எடுக்க நினைத்தால் வால்வு எண்ணைப் படியுங்கள். யூசிஎல்82, யூஒய்85 என்று ‘யூ’வில் தொடங்கினால் அது ஹீட்டர்களைத் தொடராகக் கோத்த செட். அந்த வகையில் பெரும்பாலும் லைனிலிருந்து பிரித்துவைக்கும் ஐசொலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர் கிடையாது, சேஸிஸே நேராக லைனில் நிற்கும். அதைத் தொடாதீர்கள்.

இனி எர்த். ‘உம்ம்’ என்ற இரைச்சல் வந்ததும் எர்த் பின்னை வெட்டிவிடும் பழக்கம் இருக்கிறது. அதைவிட மோசமான வைத்தியம் இல்லை. எர்த் வயரைப் பல் வாஷர் போட்டு, அதற்கென்றே உள்ள போல்ட்டில் சேஸிஸோடு முறுக்குங்கள். எர்த் பின்னிலிருந்து சேஸிஸ் வரை அளந்தால், மீட்டர் முனைகள் இரண்டையும் ஒட்டவைத்தால் காட்டும் அளவுதான் வர வேண்டும். இரைச்சலுக்கு வழி வேறு: மைக் செருகும் எக்ஸ்எல்ஆர் சாக்கெட்டின் ஒன்றாம் பின் நேராகச் சேஸிஸுக்கு, சிக்னல் கிரவுண்ட் மட்டும் 10 ஓம் ரெசிஸ்டர் வழியாக, ஹீட்டருக்கு டிசி, இன்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் பவர் ட்ரான்ஸ்ஃபார்மரிலிருந்து எவ்வளவு தள்ளி முடியுமோ அவ்வளவு தள்ளி.

சுவரில் உள்ள எர்த் உண்மையிலேயே இருக்கிறதா? கடலோர மணலில் எர்த் கம்பி உப்பில் அரிக்கும், சித்திரை வெயிலில் குழி காய்ந்தும் போகும். துருப்பிடித்த இழை ஒன்று மிச்சமிருந்தாலும் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே மல்டிமீட்டர் 230 வோல்ட் காட்டிவிடும். எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த் டெஸ்டரால் அளக்கச் சொல்லுங்கள்.

அதே உப்புக்காற்று பெட்டிக்குள்ளும் வரும். சால்டரிங் பேஸ்ட் மிச்சம் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஐப்பசி மழையில் கரகரப்பு தொடங்குவது பெரும்பாலும் இப்படித்தான். ஹார்டுவேர் கடை பேஸ்ட் வேண்டாம், ரோசின் உள்ள ஈயம் போதும். முடித்ததும் ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடையுங்கள்.

கண்டன்சர் மைக்குக்கான 48 வோல்ட்டை 280இலிருந்து ரெசிஸ்டர் போட்டு இறக்கவே கூடாது. மைக் செருகாதபோது கரண்ட் ஓடாது, ரெசிஸ்டரில் வோல்ட் விழாது. முழு 280ம் பாடுகிறவர் தொடும் கேபிளின் முனைக்கு வந்து நிற்கும். அதற்குத் தனி சப்ளை வையுங்கள். அந்த 48 வோல்ட்டை மைக்கின் இரண்டு சிக்னல் வயர்களுக்கும் கொண்டுபோகும் இரண்டு 6.8கே ரெசிஸ்டர்களும் ஒன்றுக்கொன்று 27 ஓமுக்குள் ஒத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இன்புட் ட்ரான்ஸ்ஃபார்மருக்குள் டிசி ஓடி, கோர் காந்தமேறி, கீழ் சுருதிகள் கெடும்.

முதல் முறை கரண்ட் கொடுக்கும்போது 40 வாட் குண்டு பல்பை லைன் வயரில் தொடராகப் போடுங்கள். ஒரு கணம் எரிந்து மங்கினால் சரி. பளிச்சென்றே நின்றால் உள்ளே ஷார்ட். பல்பை எடுத்த பிறகு, 100கே பிளேட் ரெசிஸ்டர், 1.5கே கேத்தோடு ரெசிஸ்டர் கொண்ட வால்வு கட்டத்தில் பிளேட்டில் 165 வோல்ட்டை ஒட்டியும் கேத்தோடில் 1.3 வோல்ட்டை ஒட்டியும் இருக்க வேண்டும். பத்து நிமிடம் கழித்தும் அவை நகராவிட்டால், மேல்மூடியைத் திருகி மூடிவிட்டு மைக்கைச் செருகுங்கள்.