‘க்ளைம் தெளிவாக இல்லை’: காப்புரிமைப் பரிசோதனையில் ஒரு ஃப்ளோர் ட்ராப் படும் பாடு

வீட்டைப் பூட்டிக்கொண்டு இரண்டு மாதம் ஊருக்குப் போய்த் திரும்பினால், குளியலறைக் கதவைத் திறந்ததும் சாக்கடை வாடை முகத்தில் அடிக்கும். தரை வடிகாலில் பொருத்தும் ஃப்ளோர் ட்ராப்பில் தேங்கி நிற்க வேண்டிய தண்ணீர் வற்றிப்போயிருக்கும். அந்தத் தண்ணீர்தான் வாடைக்கும் கரப்பானுக்கும் பூட்டு. தண்ணீர் வற்றினாலும் வாடை ஏறாத ஒரு ட்ராப்பை ஒரு பட்டறைக்காரர் செய்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். காப்புரிமைக்கு விண்ணப்பித்துக் காத்திருக்கிறார். ஒருநாள் பரிசோதனை அறிக்கை வருகிறது. அதில், ‘க்ளைம்கள் தெளிவாகவும் சுருக்கமாகவும் இல்லை, பிரிவு 10(5)-இன்படி ஏற்க இயலாது’ என்று ஒரு வரி.

இந்த வரியைப் பார்த்ததும் கண்டுபிடிப்பையே நிராகரித்துவிட்டார்கள் என்று நினைத்துப் பலர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். அது தவறு. இது சரிசெய்யக்கூடிய ஆட்சேபம். ஆனால் சரிசெய்வதற்கான சரக்கு முழுவதும், முதல் நாள் தாக்கல் செய்த விவரக்குறிப்பிலேயே இருந்தாக வேண்டும். விண்ணப்பிக்கும் முன்பே இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

க்ளைம் என்பதைத் தமிழில் உரிமைக் கோரிக்கை எனலாம். சொத்துப் பத்திரத்தில் செக்குபந்தி எழுதுகிறோமே, அந்த வேலையைத்தான் இது செய்கிறது. விவரக்குறிப்பின் மற்ற பக்கங்கள் கண்டுபிடிப்பு என்ன, எப்படி வேலை செய்கிறது, எப்படிச் செய்வது என்று சொல்லும். உங்களுக்குச் சொந்தம் எதுவரை என்று சொல்வது கடைசியில் வரும் க்ளைம்கள் மட்டும்தான். ‘வடக்கே கொஞ்ச தூரம் வரை’ என்று செக்குபந்தி எழுதினால் பக்கத்து நிலத்துக்காரர் எங்கே வேலி போடுவார்? அதே கேள்விதான் இங்கேயும். 1970-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 10(5) மூன்று விஷயங்களைக் கேட்கிறது. க்ளைம்கள் ஒரே கண்டுபிடிப்பை, அல்லது ஒரே கருத்தால் பிணைந்த கண்டுபிடிப்புகளைப் பற்றியதாக இருக்க வேண்டும். தெளிவாகவும் சுருக்கமாகவும் இருக்க வேண்டும். விவரக்குறிப்பில் சொன்னதை நியாயமான அடிப்படையாகக் கொண்டிருக்க வேண்டும்.

பரிசோதனைக்கு வரும் வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் இருப்பவருக்கு உரிய அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. இணையவழியில் தனிநபர் தாக்கல் செய்தால் கட்டணம் 1,600 ரூபாய். அது 30 பக்கமும் 10 க்ளைமும் வரைக்கும்தான். அதற்கு மேல் பக்கத்துக்கு 160, க்ளைமுக்கு 320. பதிவு பெற்ற ஸ்டார்ட்அப்புக்கும் சிறு நிறுவனத்துக்கும் இதே கட்டணம்; இந்த இரு வகையினரும் படிவம் 28-ஐயும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். விண்ணப்பம் 18 மாதத்தில் காப்புரிமை அலுவலக இதழில் வெளியாகும்.

தாக்கல் செய்தால் மட்டும் யாரும் பரிசோதிக்க மாட்டார்கள். படிவம் 18-இல், தனிநபர் என்றால் 4,000 ரூபாய் கட்டித் தனியாகக் கேட்க வேண்டும். முன்பு இதற்கு 48 மாதம் இருந்தது. 2024 மார்ச் 15 முதல் தாக்கலாகும் விண்ணப்பங்களுக்கு 31 மாதம்தான். கேட்காமல் விட்டால் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆவணங்கள் ஆங்கிலத்தில் அல்லது இந்தியில் இருக்க வேண்டும், தமிழில் தாக்கல் செய்ய வழியில்லை. க்ளைம் குழப்பத்தில் பாதி இங்கேதான் பிறக்கிறது என்பது என் எண்ணம். பட்டறையில் தமிழில் தெளிவாகச் சொன்னது, அவசரமாக ஆங்கிலத்துக்குப் போகும்போது கலங்கிவிடுகிறது.

இனி நம் பட்டறைக்காரர் எழுதிய முதல் க்ளைமைப் பார்ப்போம். நான் இட்டுக்கட்டிய உதாரணம்தான், ஆனால் இதில் உள்ள பிழைகள் எல்லாம் வழக்கமாக வருபவை:

“1. மேம்படுத்தப்பட்ட ஃப்ளோர் ட்ராப். அதில் ஓர் உடல், பொருத்தமான அளவுள்ள ஒரு கிண்ணம், சிலிகோன் போன்ற மெல்லிய பொருளாலான ஒரு மடல் ஆகியவை உள்ளன. மடல் அந்த நட்டால் இறுக்கப்பட்டு, தண்ணீர் வரும்போது எளிதாகத் திறந்து, துர்நாற்றம் வராமல் முழுமையாகத் தடுக்கிறது. விரும்பினால் கிண்ணத்தைக் கழற்றிக்கொள்ளலாம்.”

கடையில் ஒருவருக்கு விளக்க இது போதும். செக்குபந்திக்குப் போதாது.

‘பொருத்தமான அளவு’ என்றால் எதற்குப் பொருத்தம்? ‘மெல்லிய’ என்றால் எத்தனை மில்லிமீட்டர்? ‘எளிதாக’ என்றால் எவ்வளவு தண்ணீருக்கு? அளவுகோல் இல்லாத இந்தச் சொற்களைத்தான் பரிசோதகர் முதலில் கோடிடுவார். ‘போன்ற’ என்பது அடுத்தது. சிலிகோன் மட்டும்தானா, சைக்கிள் ட்யூப் ரப்பரும் சேர்த்தியா? ‘விரும்பினால் கழற்றலாம்’ என்பதும் அப்படித்தான். கழற்றக்கூடிய கிண்ணம் எல்லைக்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா? அது கட்டாயம் இல்லை என்றால் முதல் க்ளைமில் இருக்க வேண்டியதில்லை. ‘க்ளைம் 1-இல் சொன்ன ட்ராப், அதன் கிண்ணம் கழற்றக்கூடியது’ என்று க்ளைம் 2 ஆக்கிவிடலாம்.

‘அந்த நட்டு’ எந்த நட்டு? அதற்கு முன் எங்கேயும் நட்டு பேசப்படவில்லை. ஆங்கிலத்தில் ஓர் உறுப்பை முதல்முறை சொல்லும்போது ‘ஏ’ போட்டு, அடுத்த முறையிலிருந்து ‘தி’ போட வேண்டும் என்பது க்ளைம் எழுத்தின் கறாரான பழக்கம். தமிழில் யோசித்து எழுதுபவர்களுக்கு இது கையோடு வராது, ஆகவே ஒவ்வொரு ‘தி’யையும் பிடித்து நிறுத்தி, ‘உன்னை எங்கே அறிமுகம் செய்தேன்?’ என்று கேட்டுப் பார்ப்பது நல்லது.

பெரிய குறை வேறொன்று. உடல், கிண்ணம், மடல் என்று உறுப்புகளின் பெயர் இருக்கிறது, ஒன்றோடொன்று எப்படிச் சேர்கிறது என்பது இல்லை. சாமான்களைச் சாக்கில் போட்டுக் கொடுத்தது போல. மடல் கிண்ணத்தில் இருக்கிறதா, உடலில் இருக்கிறதா? மேலிருந்து தொங்குகிறதா, அடியில் படுத்திருக்கிறதா? இதைச் சொல்லாமல் ‘துர்நாற்றத்தை முழுமையாகத் தடுக்கிறது’ என்று பலனை மட்டும் சொன்னால், வாடையைத் தடுக்கும் எல்லா ட்ராப்பும் எனக்கே சொந்தம் என்று கேட்பதாகிவிடும். பலன் சொந்தமாகாது; அந்தப் பலனைத் தரும் அமைப்புக்குத்தான் காப்புரிமை.

பட்டறைக்காரர் மேலும் இரண்டு க்ளைம் எழுதியிருக்கிறார் என்போம். ஒன்று, ‘படத்தில் காட்டியுள்ளபடியான ஃப்ளோர் ட்ராப்.’ உறுப்புகளைச் சொல்லாமல் படத்தைக் கைகாட்டும் இந்த மாதிரி க்ளைம் நிற்காது, எடுத்துவிடுவதே நல்லது. மற்றொன்று, சொட்டாத ஒரு குழாய்க்கு. ட்ராப்புக்கும் குழாய்க்கும் பொதுவான கருத்து எதுவும் இல்லை என்பதால் ‘ஒரே கண்டுபிடிப்பு இல்லை’ என்று தனி ஆட்சேபம் வரும். விண்ணப்பம் முடிவாவதற்குள் பிரிவு 16-இன்படி குழாயைப் பிரித்துத் தனி விண்ணப்பமாகப் போடலாம், முதல் விண்ணப்பத்தின் தேதியே அதற்கும் கிடைக்கும்.

தெளிவின்மை தனியாக வராது என்பதையும் சொல்ல வேண்டும். க்ளைம் மங்கலாக இருந்தால் பரிசோதகர் அதை அகலமாகவே படிப்பார். அகலமாகப் படித்தால் பழைய ஆவணங்கள் எல்லாம் அதன்மேல் வந்து விழும். தண்ணீர்ப் பூட்டு புதிதல்ல. லண்டன் கடிகாரத் தொழிலாளி அலெக்சாண்டர் கம்மிங் எஸ் வளைவுக் கழிவறைக்குக் காப்புரிமை வாங்கியது 1775-இல். மடல் வைத்த ட்ராப்களும் ஏராளம். உலகம் முழுக்கக் காப்புரிமைகளை அடுக்கி வைக்கும் வகைப்பாட்டில் வாடைத் தடுப்புக்கு இ03சி 1/28 என்றும், தரைவடிகால்களுக்கு இ03எஃப் 5/04 என்றும் தனி அறைகளே உண்டு. ‘உடல், கிண்ணம், மடல்’ என்ற க்ளைம் அந்த அறைகளில் இருக்கும் பல ஆவணங்களோடு மோதும். அப்போது புதுமை இல்லை என்ற ஆட்சேபமும், தெரிந்த கருவிகளை வெறுமனே அடுக்கிவைத்தது என்ற பிரிவு 3(எஃப்) ஆட்சேபமும் சேர்ந்தே வரும். இது பட்டறைத் திருத்தம்தானே என்ற கேள்வியும் எழும். பாத்திரம் கடையும் லேத்தில் பாத்திரத்தைப் பிடித்துவைக்கும் ஓர் அமைப்பு பற்றிய வழக்கில், பட்டறையில் சாதாரணமாகச் செய்யும் மேம்பாட்டைத் தாண்டி ஏதாவது இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1978-இல் சொன்னது இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. சிறு மேம்பாடுகளுக்கென்று ஜெர்மனியிலும் சீனாவிலும் இருப்பது போன்ற சிறு காப்புரிமை முறை நம் நாட்டில் இல்லை. பிளம்பிங் சாமான் செய்பவர்களுக்கு இது பெரிய இழப்பு என்றே நினைக்கிறேன்.

சரி, க்ளைமை எப்படித் திருத்துவது? இங்கேதான் பிரிவு 59 குறுக்கே நிற்கிறது. திருத்தம் என்பது ஒரு பகுதியை விட்டுக்கொடுப்பதாக, பிழை திருத்துவதாக, அல்லது விளக்குவதாக மட்டுமே இருக்கலாம். முதலில் தாக்கல் செய்ததில் சாராம்சமாகக்கூட இல்லாத எதையும் சேர்க்க முடியாது. திருத்திய க்ளைம் பழைய க்ளைமின் எல்லைக்குள் முழுவதுமாக அடங்க வேண்டும். அதாவது வேலியை உள்ளே தள்ளிப் போடலாம், வெளியே தள்ள முடியாது.

‘மெல்லிய’ என்பதற்குப் பதிலாக 0.5 முதல் 1.5 மில்லிமீட்டர் என்று எழுதப் பட்டறைக்காரர் நினைக்கிறார். விவரக்குறிப்பின் ஏதோ ஒரு பக்கத்தில் அந்த அளவு இருந்தால் பிழைத்தார். அங்கேயும் ‘மெல்லிய’ என்றே எழுதியிருந்தால், பட்டறையில் மடலை அளந்து காட்டினாலும் பயனில்லை. அதனால்தான் விவரக்குறிப்பு எழுதும்போது கஞ்சத்தனம் கூடாது என்கிறேன். மடலின் தடிமன், கடினம், சாய்வுக் கோணம், மாற்றுப் பொருட்கள், எந்த உறுப்பு எதோடு எப்படி இறுகுகிறது என்பதை எல்லாம் படத்துடன், எண் போட்டு எழுதிவிட வேண்டும். க்ளைமில் எல்லாம் வரவேண்டியதில்லை, விவரத்தில் இருந்தால் போதும். பின்னால் பின்வாங்கி நிற்க இடம் வேண்டுமே.

நம்மவர் விவரக்குறிப்பை நன்றாக எழுதியிருந்தார் என்று கொண்டால், திருத்திய க்ளைம் இப்படி அமையலாம்:

“1. ஒரு ஃப்ளோர் ட்ராப், அதில், கீழே வெளிவாய் (11) உள்ள ஓர் உடல் (10), உடலின் உள்ளே அமர்ந்த, பக்கவாட்டில் ஒரு வாய் (21) உள்ள ஒரு கிண்ணம் (20), மேல் விளிம்பைவிடக் கீழ் விளிம்பு வெளியே தள்ளி இருக்கும்படி அந்த வாய் சாய்வாக அமைந்திருத்தல், 0.5 முதல் 1.5 மி.மீ. தடிமனுள்ள ஒரு சிலிகோன் ரப்பர் மடல் (30). ஒரு நட்டால் (41) முடுக்கப்பட்டு, மடலின் மேல் விளிம்பை வாயின் மேல் விளிம்போடு இறுக்கும் ஒரு பட்டை (40). நீர் ஓடாதபோது மடல் தன் எடையால் வாயின்மீது படிந்து மூடியிருக்கும்படியும், கிண்ணத்தில் சேரும் நீரின் அழுத்தத்தால் கீழ் விளிம்பு விலகித் திறக்கும்படியும் அது அமைந்திருத்தல்.”

‘மேம்படுத்தப்பட்ட’ போய்விட்டது. ‘முழுமையாக’ போய்விட்டது. வாடை என்ற சொல்லே இல்லை, ஆனால் வாடை ஏன் ஏறாது என்பது அமைப்பிலேயே தெரிகிறது. பழைய மடல் ட்ராப்களிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுவது அந்தச் சாய்வு வாய். எனவே பதில் கடிதத்தில் வாதத்தை அதன்மேல்தான் நிறுத்த வேண்டும். ஒரு எச்சரிக்கை: பயந்துபோய்த் தேவைக்கு மேல் சொற்களைச் சேர்க்காதீர்கள். ‘வட்டமான கிண்ணம்’ என்று எழுதினால் போட்டியாளர் சதுரமாகச் செய்து தப்பிவிடுவார். சேர்க்கும் ஒவ்வொரு சொல்லும் உங்கள் நிலத்தில் ஒரு சாண் அளவைக் குறைக்கிறது.

அறிக்கை அனுப்பிய தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் எல்லா ஆட்சேபத்தையும் தீர்த்து விண்ணப்பத்தை ஒழுங்கில் வைக்க வேண்டும். தவறினால் பிரிவு 21-இன்படி கைவிடப்பட்டதாகக் கருதப்படும். நேரம் போதாது என்றால் அந்த ஆறு மாதம் முடிவதற்குள் கட்டணத்துடன் படிவம் 4 கொடுத்து மூன்று மாத நீட்டிப்புப் பெறலாம். பதில் அனுப்பும்போது ஒவ்வொரு ஆட்சேபத்துக்கும் வரிசையாகப் பதில், எந்தத் திருத்தம் விவரக்குறிப்பின் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்ற குறிப்பு, திருத்தம் தெரியும்படியான ஒரு பிரதி, திருத்திய சுத்தப் பிரதி எல்லாம் வேண்டும். கடிதத்தின் முடிவில், ‘பாதகமாக முடிவெடுப்பதானால் எனக்கு விசாரணை வாய்ப்பு வேண்டும்’ என்று ஒரு வரி எழுத மறக்காதீர்கள். விசாரணை பெரும்பாலும் காணொளியில் நடக்கும். நடந்த பிறகு எழுத்து வாதம் கொடுக்க 15 நாள். காப்புரிமை அலுவலகத்தில் முடிவெடுக்கும் அதிகாரியான கன்ட்ரோலர் பிரிவு 15-இன்படி மறுத்தால் மூன்று மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு போகலாம். அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் 2021-இல் கலைக்கப்பட்டதால், சென்னை அலுவலக உத்தரவுகள் இப்போது சென்னை உயர் நீதிமன்றத்துக்குத்தான் போகின்றன.

விண்ணப்பம் எழுதும் முன் இலவசமாகப் படிக்க ஒரு நல்ல பாடப்புத்தகம் இருக்கிறது. காப்புரிமை அலுவலக இணையதளத்தின் தேடல் பக்கத்தில், வெளியான விண்ணப்பங்களின் பரிசோதனை அறிக்கைகளும் அவற்றுக்கு வந்த பதில்களும் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இருக்கின்றன. மேலே சொன்ன வகைப்பாட்டு எண்களைப் போட்டுத் தேடி நாலைந்து ட்ராப் விண்ணப்பங்களின் அறிக்கைகளைப் படித்தால், எந்தச் சொல் எங்கே அடிபடுகிறது என்பது பிடிபடும்.

பரிசோதகர் கவனிக்காமல் மங்கலான க்ளைம் அப்படியே தேறிவிட்டால் லாபம்தானே என்று சிலர் கேட்பதுண்டு. பிரிவு 64(1)(ஐ)-யைப் படித்துப் பாருங்கள். க்ளைமின் எல்லை போதுமான அளவு தெளிவாக வரையறுக்கப்படவில்லை என்பதே, கொடுத்த காப்புரிமையை ரத்து செய்யக் கேட்பதற்கு ஒரு காரணம். உங்கள் ட்ராப்பை நகல் எடுத்தவர்மேல் நீங்கள் வழக்குப் போடும் அன்று, அவர் அதே வழக்கில் எதிர்க்கோரிக்கையாக அந்தப் பிரிவைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார். அதற்குள் 20 ஆண்டு ஆயுளில் பாதி போயிருக்கலாம். திருத்தலாம் என்றாலும் பிரிவு 59-இன் வேலி அப்போதும் அங்கேயேதான் நிற்கும்.