தாய் முதலில், சேய் பிறகு

ஜாவா மொழியில் டெஸ்ட் (நிரல் சரியாக ஓடுகிறதா என்று சோதிக்கும் நிரல்) எழுதும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: தாய் கிளாஸின் செட்டப் மெத்தட், அதாவது டெஸ்டுக்கு முன் ஆயத்தம் செய்யும் நிரல்துண்டு, டேட்டாபேஸைத் திறக்கிறது. அந்தத் தாயிடமிருந்து பண்புகளைப் பெறும் சேய் கிளாஸில் இருப்பது அதில் நாலு வரி டேட்டாவைப் போடுகிறது. எப்போதும் இதே வரிசையில்தான் ஓடும் என்று நம்பலாமா?

நம்பலாம். ஜாவா டெஸ்ட்களை ஓட்டும் கருவியான ஜேயூனிட் 4 தரும் உறுதி இது: ஒவ்வொரு டெஸ்டுக்கும் முன் ஓட வேண்டும் என்று @பிஃபோர் குறி போட்ட மெத்தட்களில், தாயுடையவை முடிந்த பிறகே சேயுடையவை. டெஸ்ட் முடிந்ததும் ஓடும் @ஆஃப்டரில் தலைகீழ். சேய் தன் வேலையைத் துடைத்துவிட்டு வரும். கடைசியில் கதவைச் சாத்துவது தாய். ஜேயூனிட் 3 காலத்தில் இதை நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். சேயின் செட்டப்பில் முதல் வரியாகத் தாயின் செட்டப்பை அழைக்க மறந்தால் போச்சு. 2006இல் வந்த 4 அந்த வேலையைத் தன் தலையில் போட்டுக்கொண்டது.

அதை எப்படிச் செய்கிறது என்று மூலநிரலைத் திறந்து பார்த்தபோது எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. ஒரே ஒரு லூப். சேயில் தொடங்கி, தாய், பாட்டி என்று, எல்லா ஜாவா கிளாஸ்களுக்கும் மூதாதையான ஆப்ஜெக்ட் கிளாஸ் வரை மேலே ஏறிப் போகிறது. வழியில் கண்ணில் படும் மெத்தட்களைப் பட்டியலில் சேர்க்கிறது. @ஆஃப்டர் என்றால் பட்டியலின் வாலில். @பிஃபோர் என்றால் தலையில். அவ்வளவுதான்! தட்டுகளை அடுக்கினால் கடைசியாக வைத்த தட்டுதானே முதலில் கைக்கு வரும்? கடைசியாகச் சந்தித்த பாட்டி அப்படித்தான் முதலில் ஓடுகிறாள். ஏறும் பாதை ஒன்றே, செருகும் இடம்தான் வேறு.

அதே லூப்பில் ஒரு பள்ளமும் உண்டு. சேர்க்கும் முன், அதே பெயரும் அதே அளவுருக்களும் கொண்ட மெத்தட் ஏற்கெனவே பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் தாயுடையதை விட்டுவிடும். இரண்டுக்கும் ‘செட்டப்’ என்றே பெயர் வைத்தால் தாயுடையது சத்தமில்லாமல் காணாமல் போகும். கம்பைலர் வாயே திறக்காது. ஒரு மதியம் முழுக்க இதில் தொலைத்திருக்கிறேன்.

சரி, ஒரே கிளாஸுக்குள் இரண்டு @பிஃபோர் இருந்தால்? ஜாவா இதற்கு எந்த வரிசையையும் உறுதி செய்ததில்லை. பெரும்பாலும் எழுதிய வரிசையிலேயே வந்ததால் எல்லாரும் நம்பிவிட்டார்கள். 2011இல் ஜாவா 7 வந்ததும் பல டெஸ்ட்கள் கவிழ்ந்தன. அடுத்த ஆண்டு வந்த ஜேயூனிட் 4.11 ஒரு வழி செய்தது: மெத்தட் பெயரின் ஹேஷ் கோடை, அதாவது பெயரின் எழுத்துகளிலிருந்து கணக்கிடும் ஓர் எண்ணை, வைத்து வரிசைப்படுத்துவது. கணக்கு இதுதான்: அதுவரை வந்த எண்ணை 31ஆல் பெருக்கி, அடுத்த எழுத்தின் எண்ணைக் கூட்டு. பெயர் முடியும்வரை இதையே செய். பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டினால் வாழ்க்கை மாறும் என்று காசு வாங்குகிறவர்களை எனக்கு ஆகாது. ஆனால் எண்கணிதம் உண்மையிலேயே பலிக்கும் ஒரே இடம் இதுவாகத்தான் இருக்கும்!

அதற்காக டெஸ்டுக்குப் பெயர் ராசி பார்க்க வேண்டாம். வரிசை முக்கியமென்றால் ஒரே @பிஃபோரை வைத்து, மற்றவற்றை அதற்குள்ளிருந்து வரிசையாக அழைத்துவிடுங்கள். தாய்க்கு முன்பே சேய் ஏதாவது செய்தாக வேண்டுமா? தாயின் செட்டப்பில் முதல் வரியாக ஒரு வெற்று மெத்தடை அழைத்து வையுங்கள். சேய் அதே பெயரில் தன் மெத்தடை எழுதி அதை ஓவர்ரைடு செய்துகொள்ளட்டும். 2017இல் வந்த ஜேயூனிட் 5இல் @பிஃபோருக்குப் பதிலாக உள்ள @பிஃபோர்ஈச்சுக்கும் இதே வழிதான்.