மூக்குத்தியைக் கழற்றி வைத்தால் துளை தூர்ந்து போகுமா?

கருங்கல் பக்கம் ஒரு அண்டி ஆபீஸில் கிரேடிங் பிரிவில் வேலை பார்க்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "மூக்கு குத்தி பத்து மாசம் ஆச்சு. இப்போ ஆபீஸ்ல மூக்குத்தி, கம்மல், வளையல் எதுவும் போட்டுட்டு உள்ள வரப்பிடாதுன்னு சொல்லிட்டாங்க. காலையில கழத்தி வச்சுட்டு சாயங்காலம் வந்து போட்டா ஓட்டை தூந்து போவுமா? ஈர்க்கில் முறிச்சு சொருவிட்டுப் போன்னு அம்மா சொல்லுதா. அது சரிதானா?"

(வெளியூர்க்காரர்களுக்காக: அண்டி ஆபீஸ் என்றால் முந்திரி ஆலை, ஈர்க்கில் என்றால் ஈர்க்குச்சி.)

இது இவருக்கு மட்டும் வரும் சிக்கல் இல்லை. ஆபரேஷன் தியேட்டரில் நிற்கும் நர்ஸுகள், மீன் பதப்படுத்தும் இடங்களில் இருப்பவர்கள், ஹோட்டல் சமையலறையில் வேலை செய்பவர்கள் எல்லோருக்கும் இதே பாடுதான். முதலில் விதியைப் பற்றிக் கொஞ்சம். உணவைக் கையாள்பவர்கள் மோதிரம், வளையல், நகை, வாட்ச், ஊக்கு போன்றவற்றை அணியக் கூடாது என்று 2011 ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு உரிம விதிமுறைகளிலேயே இருக்கிறது. சூப்பர்வைசரைக் கோபித்துப் பயனில்லை. கடுகளவு மூக்குத்தி கழன்று பருப்புக் குவியலில் விழுந்துவிட்டால், டபிள்யூ 240, டபிள்யூ 320 என்று தரம் பிரித்துப் பெட்டியில் அடைத்த பிறகு அதை யார் தேடுவது? மெட்டல் டிடெக்டர் வைத்திருக்கும் ஆலையிலும் அவ்வளவு சின்னத் தங்கத்துண்டு இரும்புத் துகள் அளவுக்கு எளிதில் சிக்காது.

இன்னொரு காரணமும் உண்டு. ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா ஏறத்தாழ மூன்றில் ஒருவருடைய மூக்கின் முன்பகுதியில் எந்தத் தொந்தரவும் தராமல் குடியிருக்கிறது. மூக்குத்தி போட்டவர்களுக்கு அதை அடிக்கடி தொட்டுத் திருகிப் பார்க்கும் பழக்கம் வந்துவிடும். அந்த விரல் உணவில் படும். உணவில் இந்தப் பாக்டீரியா பெருகினால் வெளிவிடும் நஞ்சு, கொதிக்க வைத்தால்கூட எளிதில் அழிவதில்லை. ஆகவே விதி நியாயமானதுதான். சரி, துளைக்கு வருவோம்.

தோலுக்கு மேலே எபிடெர்மிஸ், கீழே டெர்மிஸ் என்று பள்ளியில் படித்திருப்போம். ஊசி இறங்கியதும் ரத்தம் உறைகிறது, வெள்ளணுக்கள் வந்து துப்புரவு செய்கின்றன. எல்லாக் காயத்திலும் நடப்பதுதான். அதற்குப் பிறகு நடப்பது, எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத ஒன்று.

எபிடெர்மிஸுக்கு ஒரு குணம் உண்டு: தனக்கு ஒரு விளிம்பு இருப்பதை அது பொறுத்துக்கொள்ளாது. உடல் முழுவதும் அது அறுபடாத ஒரே விரிப்பு. எங்காவது கிழிந்து விளிம்பு உண்டானால், அந்த விளிம்பில் உள்ள கெரட்டினோசைட் என்ற மேல்தோல் செல்கள் தாங்கள் பற்றியிருந்த அடித்தளத்திலிருந்து பிடியை விடுகின்றன. தட்டையாகின்றன. முன்பக்கமாக மெல்லிய பாதம் போன்ற ஒரு நீட்சியை விடுகின்றன. வழியில் கொலாஜன் இழைகள் குறுக்கிட்டால் அவற்றை வெட்டும் நொதியைச் சுரந்துகொண்டு நகர்கின்றன. பக்கத்துச் செல்லின் பிடியை விடாமல், விரிப்பு மொத்தமாகவே முன்னேறுகிறது. பின்னால் இருக்கும் செல்கள் பிரிந்து பெருகி ஆள்பலம் கொடுக்கின்றன. எதுவரை? எதிரே தன்னைப் போன்ற இன்னொரு எபிடெர்மிஸ் விளிம்பைத் தொடும் வரை. தொட்டதும் நின்றுவிடுகின்றன. கைகோத்துக்கொள்கின்றன. அப்புறம் அடுக்கடுக்காகத் தடிக்கத் தொடங்குகின்றன.

இப்போது மூக்கை நினைத்துப் பாருங்கள். குத்திவிட்டு ஒன்றும் போடாமல் விட்டால், துளைவாயின் எதிரெதிர் விளிம்புகளுக்கு இடையே ஒரு மில்லிமீட்டர் அளவு இடைவெளிதான். குறுக்கே நகர்ந்து சந்தித்துவிடும். வெளிவாயும் மூடும், உள்வாயும் மூடும், நடுவில் தழும்பு நிரம்பும். துளை போச்சு. ஆனால் நடுவில் ஒரு தங்கத்தண்டு நிற்கிறது என்றால் குறுக்கே போக வழியில்லை. செல்களுக்கு மூக்குத்தி என்றால் என்னவென்று தெரியாது. துளையைக் காக்க வேண்டும் என்ற எண்ணமும் கிடையாது. அவற்றிடம் இருப்பது ஒரே ஒரு விதி: இனத்தைத் தொடும் வரை போ. குறுக்கே போக முடியாத விரிப்பு, தண்டை ஒட்டியே உள்நோக்கி இறங்குகிறது. மூக்கின் உட்பக்கத்திலிருந்தும் அதேபோல ஒரு விரிப்பு புறப்பட்டு வருகிறது. மூக்குக்குள் நுழைந்ததுமே சளிச்சவ்வு தொடங்கிவிடுவதில்லை; முடி முளைக்கும் அந்த முன்னறை முழுவதும் தோல்தான். இரண்டும் மடலின் நடுவில் எங்கோ, வெளிச்சமே படாத இடத்தில் சந்தித்து நின்றுவிடுகின்றன.

இப்போது இருப்பது காயம் இல்லை. உளுந்த வடையைப் பிட்டுப் பாருங்கள். மேல்பக்கத்து மொறுமொறுப்பு அறுபடாமல் துளைக்குள் இறங்கி அடிப்பக்கத்துக்குப் போயிருக்கும். துளையின் சுவரும் மேல்தோல்தான். ஆறிய மூக்குத்துளையும் அப்படியே. உடலின் வெளிப்புறம் மூக்கு மடலுக்குள் புகுந்து வெளியே வந்திருக்கிறது. சந்தேகம் இருந்தால் பழைய மூக்குத்தியைக் கழற்றி அதன் தண்டைப் பாருங்கள். வெள்ளையாக, பிசுபிசுவென்று, கொஞ்சம் வாடையோடு ஒன்று ஒட்டியிருக்கும். பலர் சீழ் என்று பயந்துவிடுகிறார்கள். அந்தக் குழாயின் சுவர் உதிர்த்த செத்த தோல் செல்கள் அவை, எண்ணெய்ப் பசையோடும் பாக்டீரியாவோடும் சேர்ந்தவை. கையிலும் காலிலும் தோல் உதிர்வதுபோல அங்கேயும் உதிர்கிறது. சீழ் என்றால் வலி, சிவப்பு, சூடு கூடவே வரும்.

1953-54 இல் லண்டனில் மைக்கேல் அபர்கிராம்பியும் ஜோன் ஹேஸ்மனும் கோழிக்கருவின் இதயத்திலிருந்து எடுத்த செல்களைக் கண்ணாடிமேல் வளர்த்து, ஊர்ந்து வரும் இரண்டு செல்கள் முட்டிக்கொண்டால் என்ன ஆகிறது என்று உட்கார்ந்து அளந்தார்கள். தொட்டதும் அந்தத் திசையில் நகர்வது நிற்கிறது என்று கண்டார்கள். இந்த நிறுத்தம் தவறும்போது என்ன ஆகும் என்ற கேள்வி புற்றுநோய் ஆராய்ச்சியின் மையத்துக்கே கொண்டுபோய்விட்டது. இதனால் நாளைக்கு என்ன லாபம் என்று அன்றைக்கு யாராவது கேட்டுப் பணத்தை நிறுத்தியிருந்தால்? நம் ஊரில் சர்க்கரை நோயாளிகளின் கால்புண் மாதக்கணக்கில் ஆறாமல் கிடப்பதற்கு ஒரு காரணம், விளிம்புச் செல்கள் நகராமல் நின்றுவிடுவதுதான். கால் விரலை எடுத்தவர் இல்லாத தெரு இன்றைக்குக் குறைவு. தோல் எப்படி நடக்கிறது என்ற அடிப்படை ஆராய்ச்சிக்கு, மூன்று வருடத்தில் மருந்து எங்கே என்று கேட்காமல், நம் அரசுகள் பொறுமையாகப் பணம் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சரி, சுவர் கட்டி முடித்த துளையில் விளிம்பே இல்லை என்றால், பழைய துளையும் ஏன் சுருங்குகிறது? அந்த வேலை கீழே டெர்மிஸில் நடக்கிறது. காயத்தைச் சுற்றி மயோஃபைப்ரோபிளாஸ்ட் என்ற செல்கள் சேர்கின்றன. பாதி நார் செல், பாதி தசை செல் என்று சொல்லலாம். 1971 இல் கப்பியானி குழுவினர் அடையாளம் காட்டியவை. இவை கொலாஜனைப் பிடித்து உள்நோக்கி இழுக்கும். முதலில் போடப்பட்ட மெல்லிய கொலாஜன் தடித்த கொலாஜனாக மாறி அடங்க ஒரு வருடம்கூட ஆகும். அதுவரை தண்டு இல்லாத நேரமெல்லாம் துளை இறுகும். மூக்கு மடலில் பெரும்பகுதி குருத்தெலும்பு அல்ல, நாரும் கொழுப்பும்தான். அதனால் காதுமடலைவிட இது வேகமாகச் சுருங்குவதைப் பலர் பார்த்திருப்பார்கள்.

ஆனால் சுருங்குவது வேறு, தூர்வது வேறு. குழாய் இறுகிச் சுவரும் சுவரும் தொட்டுக்கொண்டாலும் ஒட்டிப் பிடிக்காது, இரண்டு பக்கமும் செத்த செல் அடுக்கு இருப்பதால். விரல்களை எவ்வளவு நேரம் சேர்த்து வைத்திருந்தாலும் ஒட்டிக்கொள்கிறதா? ஆபத்து வருவது சாயங்காலம், கண்ணாடி முன்னால். இறுகிய குழாய்க்குள் மூக்குத்தியை முரட்டுத்தனமாகத் திணிக்கும்போது சுவர் கிழிகிறது. கிழிந்தால் விளிம்பு. விளிம்பு வந்தால் செல்கள் மறுபடி நடக்கத் தொடங்கும். மறுநாள் காலையில் மூக்குத்தியைக் கழற்றினால், அந்த எட்டு மணி நேரத்தில் அவை குறுக்கே நகரத் தொடங்கலாம். தினமும் கழற்றி மாட்டுபவர்களின் துளையைக் கெடுப்பது பெரும்பாலும் இந்தச் சின்னக் கிழிசல்தான்.

ஆகவே வாசகிக்கு. காதுமடல் ஆற 6 முதல் 8 வாரம் போதும். மூக்குக்கு 4 முதல் 6 மாதம், சிலருக்கு ஒரு வருடம். பத்து மாதம் என்றால் உங்கள் குழாய் அநேகமாக முழுதாகி இருக்கும். கழற்றும்போது வலி, நீர் கசிவு, பக்கு எதுவும் இல்லையென்றால் தைரியமாக இருக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஒரு மணி நேரம் கழற்றி வைத்துப் போட்டுப் பாருங்கள், அடுத்த வாரம் அரை நாள். அப்புறம் வேலை நேரத்துக்குப் பழகிவிடும். ஷிப்ட் முடிந்ததும் தள்ளிப்போடாமல் போட வேண்டும். கையைக் கழுவி, மூக்கை வெதுவெதுப்பான நீரில் நனைத்து, தண்டில் துளி வாசலின் தடவி, குத்திய சாய்விலேயே மெதுவாக விடுங்கள். இரவிலும் லீவு நாளிலும் கழற்றாதீர்கள்.

தண்டு எப்படிப்பட்டது என்பதையும் பாருங்கள். வெளிப்பக்கம் மரை வெட்டிய தண்டு என்றால், ஒவ்வொரு முறை போகும்போதும் வரும்போதும் அந்த மரை குழாயின் சுவரைச் சுரண்டும். வருடக்கணக்கில் கழற்றாதவருக்கு அது பொருட்டில்லை. தினமும் கழற்றும் உங்களுக்கு வழவழப்பான தண்டு வேண்டும். மரை உள்ளே மறைந்திருக்கும் வகை, அல்லது உட்பக்கம் வளைந்து நிற்கும் கம்பி. 916 தங்கமோ டைட்டானியமோ நல்லது. கவரிங் வேண்டாம், அதில் நிக்கல் இருக்கலாம். துளைக்குள் போகும் உலோகத்திலிருந்து வாரத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 0.2 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் கசியக் கூடாது என்று ஐரோப்பாவில் சட்டமே இருக்கிறது.

ஈர்க்கில் வேண்டாம் என்று அம்மாவிடம் மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். காலங்காலமாக வைத்தது உண்மைதான், வேறு எதுவும் கிடைக்காத காலத்தில். ஈர்க்கில் ஈரத்தில் ஊறி நாராகும். நார் உள்ளே சிக்கினால் வெள்ளணுக்கள் அதைச் சூழ்ந்து கட்டியாக்கும். ஈர்க்கில் பருப்பில் விழுந்தால் உங்கள் வேலைக்கே ஆபத்து. வலைக்கு வரும் தங்கூசி நரம்பைச் சொருகலாமே என்றும் தோன்றும். நைலான் வழவழப்பானது, தையல் போட டாக்டர்களும் நைலான் இழைதான் எடுக்கிறார்கள். ஆனால் வலை நரம்பு கிருமி நீக்கியது அல்ல. மெல்லியதாக இருப்பதால் துளை அதன் பருமனுக்கே இறுகிவிடும், வெட்டிய முனை சுவரைக் கீறும். கண்ணாடியில் செய்த, வெளியே தெரியாத அடைப்பான்கள் வாங்கக் கிடைக்கின்றன. வேறு வேலைகளுக்கு அவை அருமையான வழி, ஆனால் உணவு ஆலையில் கூடாது. மெட்டல் டிடெக்டருக்கும் தெரியாத கண்ணாடித் துண்டு உணவில் விழுவதைவிடப் பெரிய பயம் அவர்களுக்கு வேறில்லை. உலோக இழை வைத்த நீல பிளாஸ்டர் உணவுத் தொழிலில் உண்டு. மூக்குத்திமேல் அதை ஒட்டிக்கொள்ள அனுமதிப்பார்களா என்று கேட்டுப் பார்க்கலாம்.

மூக்குத்தியைக் கழற்றினால் வீட்டுக்காரருக்கு ஆகாது என்று பயந்து வேலையையே விடும் பெண்கள் இருக்கிறார்கள். அந்தப் பயத்துக்கு எந்த அடிப்படையும் இல்லை. இடப்பக்கம் குத்தினால் கர்ப்பப்பைக்கு நல்லது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதும் அப்படியே. மூக்கின் தொடு உணர்வு ஐந்தாம் மூளை நரம்பு வழியாக மூளைத்தண்டுக்குப் போகிறது. அங்கிருந்து கர்ப்பப்பைக்குத் தனிப்பாதை எதுவும் கிடையாது. கன்னியாகுமரி பகவதி அம்மனின் மூக்குத்தி ஒளியைக் கலங்கரை விளக்கம் என்று நம்பிக் கப்பல்கள் பாறையில் மோதியதால்தான் கிழக்கு வாசலை அடைத்தார்கள் என்ற கதையைக் கேட்டு வளர்ந்த ஊர் இது. கல் தானாக ஒளி விடாது, விழுந்த ஒளியைத்தான் திருப்பும். இருந்தாலும் அந்தக் கதை எனக்குப் பிடிக்கும், அது யாரையும் பயமுறுத்தி வீட்டில் உட்கார வைப்பதில்லை.

இனிமேல்தான் குத்தப் போகிறீர்கள் என்றால், பிரசவ விடுப்பு போல நீண்ட விடுப்பு வரும்வரை பொறுங்கள். ஆறு மாதமாவது கழற்றாமல் இருக்க முடியாதவர் குத்துவது வீண் வலி. ஏற்கெனவே இறுகிவிட்டது, தண்டு போக மறுக்கிறது என்றால் பலம் காட்ட வேண்டாம். பழக்கமுள்ள தட்டாரிடமோ தோல் மருத்துவரிடமோ போனால் சுத்தமான மெல்லிய கம்பியில் தொடங்கிப் படிப்படியாக விரித்துத் தருவார். முழுதும் அடைத்துப்போயிருந்தால், தழும்பு இளகி நிறம் அடங்கிய பிறகு மறுபடி குத்திக்கொள்ளலாம்.