குண்டு லேசானதுதான், சத்தம் அல்ல

சென்னையில் ஆடியாலஜிஸ்டாக இருக்கிறேன். கேட்கும் திறனைச் சோதிப்பதுதான் என் வேலை. போன டிசம்பரில் அமெரிக்காவிலிருந்து லீவுக்கு வந்திருந்த ஒருவரை அவருடைய அம்மா அழைத்து வந்தார். "சட்டையை எடுன்னா, அட்டையான்னு கேக்கறான் மேடம். எனக்கு முன்னாடி இவனுக்குக் காது போயிடுச்சு" என்றார். மகனுக்கு வயது 48.

சத்தம் புகாத அறையில் ஹெட்போன் மாட்டி உட்கார வைத்தேன். 4000 ஹெர்ட்ஸ் ஒலியை வலது காதில் 40 டெசிபலில் கேட்டுப் பொத்தானை அழுத்தினார். இடது காதில் 65 வரை ஏற்ற வேண்டியிருந்தது. 8000-ல் இரண்டு காதும் கொஞ்சம் தேறியது. வரைபடத்தில் 4000 இருக்கும் இடம் மட்டும் பள்ளமாகத் தெரிந்தது. பலத்த சத்தம் பட்ட காதில் வழக்கமாகத் தெரியும் பள்ளம் அது. "சார், துப்பாக்கி சுடுவீங்களா?" என்று கேட்டேன். வலது கைக்காரர் ரைஃபிளில் கன்னத்தைச் சாய்க்கும்போது வலது காது தலையின் நிழலில் ஒதுங்கிவிடும். இடது காதுதான் குழல் முனையைப் பார்த்தபடி இருக்கும்.

ஆமாம் என்றார். அங்கே வீட்டிலேயே தோட்டா கட்டுகிறாராம். சுட்டு முடித்த காலிக் கூட்டில் புது பிரைமர் (வெடிமருந்தைப் பற்றவைக்கும் குட்டி மூடி) பொருத்தி, வெடிமருந்து நிரப்பி, மேலே குண்டைச் செருகும் பொழுதுபோக்கு. (இங்கே உரிமம் இல்லாமல் அதைச் செய்தால் 1959-ம் வருட ஆயுதச் சட்டப்படி குற்றம்.) சுடும்போது துப்பாக்கி பின்னால் வந்து தோளில் இடிக்கும் உதை குறையும் என்று சில வருடங்களாக எடை குறைந்த குண்டுகளையே போட்டாராம். உதை குறைந்ததும் சத்தமும் குறைந்துவிட்டதாக நம்பி, காது மூடியைப் பல நாள் கழற்றியே வைத்திருக்கிறார்.

இந்த நம்பிக்கையால்தான் இதை எழுதுகிறேன். உதை என்பது குண்டின் எடையும் வேகமும், அதோடு வெளியேறும் வாயுவும் சேர்ந்து தோளுக்குத் தருவது. காதில் விழும் அடி வேறு. குழல் முனையில் அழுத்தத்தோடு வாயு பீறிடுவதால் வருவது அது. லேசான குண்டு பெரும்பாலும் இன்னும் வேகமாகப் போகும். ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர். பல ரைஃபிள் குண்டுகள் 900 மீட்டரையும் தாண்டுகின்றன, அதனால் குண்டு போகும் வழியெல்லாம் தனியாக ஒரு வெடிச் சத்தம் எழும். மருந்தைக் குறைத்துக் கட்டினால் சத்தம் கொஞ்சம் தணியும், ஆனால் காதுக்குப் பாதுகாப்பான அளவுக்கு இறங்கிவிடாது. உதையைக் குறைக்கக் குழல் முனையில் மஸில் பிரேக் (வாயுவைப் பக்கவாட்டில் திருப்பிவிடும் துண்டு) மாட்டினாலோ நிலைமை இன்னும் மோசம், சுடுபவர் பக்கமே சத்தம் திரும்பி வரும்.

தீபாவளிப் பட்டாசுக்கு நம் நாட்டில் வரம்பு, 4 மீட்டர் தள்ளி அளந்தால் உச்சத்தில் 145 டெசிபல். பெரிய ரைஃபிள் சுடுபவர் காதருகிலேயே 160-ஐத் தொடும். பலத்த சத்தம் வந்தால் காதுக்குள் ஒரு குட்டித் தசை இறுகிக் காப்பாற்றப் பார்க்கும், ஆனால் அது இறுகுவதற்குள் துப்பாக்கிச் சத்தம் உள்ளே போய் முடிந்திருக்கும். உள்காதில் இருக்கும் சுமார் 15,000 ரோம செல்களில் செத்தது திரும்ப முளைக்காது.

என்.சி.சி. பிள்ளைகள் .22 என்கிற சின்ன ரைஃபிள் சுடும்போது பஞ்சு வைத்துக்கொள்வதைப் பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம், பஞ்சு பெரிதாக எதையும் தடுக்காது. ஃபோம் பிளக்கை மெல்லிசாக உருட்டி, காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துச் செருகி, அது விரியும் வரை அரை நிமிடம் விரலால் அழுத்திப் பிடியுங்கள். பெரிய ரைஃபிளுக்கு அதற்கு மேல், ஹெட்போன் போல முழுக் காதையும் மூடும் மஃப் மாட்டுங்கள். மூக்குக் கண்ணாடியின் காம்பு மஃப்பைத் தூக்கிவிடும், பாருங்கள். நம்மூர் வெயிலில் வியர்வை துடைக்க மஃப்பைத் தூக்குவார்கள். பக்கத்து ஆள் சுட்டு முடிக்கும் வரை தூக்காதீர்கள். சுட்ட பிறகு காதில் கொய்யென்று இரைந்தாலோ அடைத்தாற்போல் இருந்தாலோ, மறுநாளே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

அவருக்குக் கருவி பொருத்தினோம். அம்மாவிடம் இனி வலது பக்கமாக உட்கார்ந்து, முகம் பார்த்துப் பேசச் சொன்னேன். அவர் உடனே நாற்காலியை மாற்றிப் போட்டுக்கொண்டார்.