முட்டை வெள்ளைக்கருவால் நிரம்பாத இழப்பு

சிறுநீரில் புரதம் போகிறது என்று தெரிந்ததும், தாராவியிலிருந்தும் மாட்டுங்காவிலிருந்தும் என்னிடம் வரும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் முதலில் நடப்பது, நோயாளியின் தட்டில் முட்டை வெள்ளைக்கருவும் புரதப் பொடியும் கூடுவதுதான். அக்கறையால் செய்கிறார்கள், ஆனால் குறை உணவில் இல்லை, சிறுநீரகத்தின் வடிகட்டியில் இருக்கிறது.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 லட்சம் நுண்வடிகட்டிகள் உள்ளன. அவற்றின் இரத்த நுண்குழாய்களை வெளிப்புறத்தில் போடோசைட் என்னும் செல்கள் தம் பாதங்களால் பற்றியிருக்கின்றன. பாதங்களுக்கு இடையிலுள்ள நுண்ணிய பிளவுகளை நெஃப்ரின் முதலிய புரதங்களாலான சவ்வு மூடியிருப்பதால், நீரும் உப்பும் இறங்க, அல்புமின் என்னும் இரத்தப் புரதம் இரத்தத்திலேயே தங்குகிறது. உடலின் நோயெதிர்ப்பு மண்டலமே இச்செல்களைப் பகையென்று கருதி எதிர்ப்பொருள்களை உருவாக்கும்போது இந்தக் காவல் குலைகிறது. பெரியவர்களுக்கு வரும் மெம்பரனஸ் நெஃப்ரோபதி என்னும் சிறுநீரக நோயில், போடோசைட்டின் மேலுள்ள பி.எல்.ஏ.2.ஆர். என்ற புரதத்தைத்தான் அவை பெரும்பாலும் தாக்குகின்றன என்பது 2009இல் கண்டறியப்பட்டது. எதிர்ப்பொருள் ஒட்டிய இடத்தில் காம்ப்ளிமென்ட் என்னும் தற்காப்புப் புரதங்களும் கிளர்ந்தெழ, பாதங்கள் தட்டையாகி, அல்புமின் கசியத் தொடங்குகிறது. நாளொன்றுக்கு 150 மில்லிகிராமைத் தாண்டக்கூடாத புரதம் 3.5 கிராமுக்கும் மேல் வெளியேறுகிறது. சிறுவர்களுக்கு அதிகம் வரும் மினிமல் சேஞ்ச் நோயில், சிலரிடம் நெஃப்ரினையே தாக்கும் எதிர்ப்பொருள்கள் காணப்படுகின்றன.

விடியற்காலையில் சைக்கிளில் இட்லி விற்கும் ஒருவர், கால் வீக்கத்தை வெகுநேரம் நிற்பதன் விளைவென்றே எண்ணியிருந்தார். கணுக்காலுக்கு மேல் விரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது. சிறுநீரின் நுரை தண்ணீர் ஊற்றிய பிறகும் அடங்கவில்லை என்பதை நான் கேட்ட பிறகே சொன்னார். இரத்தப் பரிசோதனையில் பி.எல்.ஏ.2.ஆர். எதிர்ப்பொருள் இருந்ததாலும் சிறுநீரகச் செயல்பாடு சீராக இருந்ததாலும் பயாப்சி (சிறுநீரகத் திசுவைச் சிறிது எடுத்துச் சோதிப்பது) தேவைப்படவில்லை.

இத்தகைய நோயாளிகளுக்கு நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.8 முதல் 1 கிராம் வரை புரதம் போதும். அதற்கு மேல் உண்பது கசிவைத்தான் கூட்டுகிறது. சிகிச்சை எதிர்ப்பொருளைக் குறிவைக்கிறது. ஆனால் எதிர்ப்பொருள் உருவாவதைக் குறைக்கும் ரிடுக்ஸிமாப் ஊசிக்குப் பின் எதிர்ப்பொருள் முதலில் குறையும், சிதைந்த பாதங்கள் சீராகிச் சிறுநீர்ப் புரதம் இறங்குவதற்கு மேலும் பல மாதங்களாகும். அந்த இடைவெளியில்தான் பலர் பொறுமையிழந்து ஏதேனும் சூரணத்துக்குப் போய்விடுகிறார்கள்.

சூரணமும், முகத்துக்குப் பூசும் சிகப்பழகு கிரீமும்கூட நான் தவறாமல் கேட்கும் கேள்விகள்தாம். பாதரசம் கலந்தவற்றால் இதே நோய் வேறொரு வடிவில் வருவது கேரளத்திலும் மகாராஷ்டிரத்திலும் பதிவாகியுள்ளது. பூச்சை நிறுத்தினாலே அவர்களில் பலருக்குக் கசிவு நின்றுவிடுகிறது.